வீட்டுக் காவலுக்கு எந்தத் தோட்டா?

வீட்டைக் காப்பது குற்றமல்ல, கடமை. மாளிகையில் இருப்பவனுக்கு மட்டுமல்ல, மண்சுவருக்குள் இருப்பவனுக்கும் அந்தக் கடமை உண்டு, உரிமையும் உண்டு. இதிலே எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எதைக் கொண்டு காப்பது என்பதிலேதான் குழப்பம் குடிகொண்டிருக்கிறது.

மல்லாங்கிணறு, காரியாபட்டி பக்கத்துக் கரிசல் காட்டிலே, ஊரைவிட்டு எட்ட, கிணற்றடியிலே தனி வீடு கட்டிக் குடியிருப்போர் உண்டு. இரவிலே நாய் குரைத்தால் எழுந்து வந்து பார்க்க அக்கம்பக்கத்தில் ஆளில்லை. மக்காச்சோளக் கதிர் பால் பிடிக்கும் நேரம் பார்த்துப் பன்றிக் கூட்டம் இறங்குகிறது. அத்தகையோரிலே சிலர் லைசென்சுத் துப்பாக்கி வைத்திருக்கின்றனர். சிலர் வாங்க எண்ணுகின்றனர். ஆகவே, "வீட்டுக் காவலுக்கு எந்தத் தோட்டா நல்லது?" என்ற கேள்வி டீக்கடைப் பெஞ்சியிலே எழுவதில் வியப்பில்லை. விடைகளிலேதான் வியப்பு! "பெரிய ரவை போட்டால்தான் ஆள் விழுவான்" என்கிறார் ஒருவர். "தோட்டாவுக்கு ஏன் காசு? பட்டாசு மருந்து ஒரு கைப்பிடி போதாதா?" என்கிறார் மற்றொருவர். முதலாமவர் சொல் அடுத்த வீட்டுக்காரன் உயிருக்கு உலை வைக்கும். இரண்டாமவர் சொல் சுடுகிறவன் கையையே பறிக்கும்.

தொழிலாளர் படிக்கும் ஏட்டிலே துப்பாக்கிப் பேச்சு எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். பேசத்தான் வேண்டும், தோழர்களே! வெடிமருந்தைத் தொட்டுச் சோறு தின்னும் வட்டாரம் இது. மருந்தைப் பற்றித் தவறான பேச்சு இங்கே உலவினால், அதன் விலை உயிராக இருக்கும்.

பறித்தவன் யார்?

முதலில் பழைய கதை கொஞ்சம். 1801-ஆம் ஆண்டு டிசம்பரில், மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கையோடு, பாளையக்காரர் சீமையிலே எவரும் ஆயுதம் ஏந்தக் கூடாது என்று கும்பினி ஆட்சி பிரகடனம் போட்டது. கோட்டைகளை இடித்தது, வேலையும் ஈட்டியையும் துப்பாக்கியையும் பறித்தது. பிறகு 1878-இல், லிட்டன் வைசிராயாக இருந்தபோது, ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் என்றால் லைசென்சு வேண்டும்; வெள்ளையன் என்றால் விலக்கு! அதே ஆண்டில்தான் நாட்டுமொழி ஏடுகளுக்கும் வாய்ப்பூட்டுச் சட்டம் வந்தது. பேனாவுக்கும் துப்பாக்கிக்கும் ஒரே ஆண்டில் விலங்கு!

1931-இல் கராச்சியில் கூடிய காங்கிரசு மகாநாடு, ஒழுங்குமுறைக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை குடிமக்களுக்கு உண்டு என்று தீர்மானம் போட்டது. 1950-இல் வந்த அரசியல் சட்டத்திலே அந்த உரிமை இடம்பெறவில்லை. 1959-இல் இந்தியப் பாராளுமன்றம் இயற்றி, 1962 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த ஆயுதச் சட்டம்தான் இன்றும் நம்மை ஆளுகிறது. வெள்ளையனுக்கு விலக்கு என்ற அநியாயம் போயிற்று. ஆனால் லைசென்சு என்ற வாசல் இருக்கிறது; அந்த வாசலிலே நிலமுள்ளவன் நுழைவது எளிது, கூலிக்காரன் நுழைவது அரிது என்பதை யார் மறுக்க முடியும்?

இதற்காக ஆளுக்கொரு துப்பாக்கி கேட்கிறோமா? இல்லை. ஏன் இல்லை என்பதைப் பின்னால் சொல்கிறோம். முதலில், லைசென்சு உள்ளவர் கையிலே இருக்கிற துப்பாக்கிக்கு எது பொருந்தும் என்பதைப் பார்ப்போம்.

ரவையின் கணக்கு

கிராமத்திலே பெரும்பாலும் காணப்படுவது 12 போர் துப்பாக்கி. ஒற்றைக் குழல் அல்லது இரட்டைக் குழல். குழலின் உள்ளளவுக்கு ஏற்ற ஈயக் குண்டு பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. அதனால் 12 போர். குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். இதற்கான தோட்டா, மகாராட்டிரத்திலே புனேக்குப் பக்கத்தில் உள்ள கட்கி வெடிபொருள் தொழிற்சாலையில் 'சக்திமான்' என்ற பெயரில் தயாராகிறது.

தோட்டாவுக்குள் இருக்கும் ரவை ஒரே மாதிரியானதல்ல. எல்.ஜி. என்பது சுமார் 9 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டை. ஓர் அவுன்சுக்கு ஆறு. எஸ்.ஜி. அதைவிடச் சற்றுச் சிறியது, அவுன்சுக்கு எட்டு. பி.பி. சுமார் 4 மில்லிமீட்டர், அவுன்சுக்கு எழுபது. 4-ஆம் எண் ரவை 3 மில்லிமீட்டர் அளவு, அவுன்சுக்கு நூற்றெழுபது. 6-ஆம் எண் இன்னும் சன்னம். எண் ஏற ஏற ரவை சிறுக்கும். கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை அப்படியே வாங்கி வருவோர் இதைக் கவனிப்பதில்லை.

பெரிய ரவைதானே நல்லது என்ற வாதத்துக்கு வருவோம். காட்டிலே தொலைவில் நிற்கும் பெரிய மிருகத்துக்காக வகுக்கப்பட்டது எல்.ஜி. அது அரைக் கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் விழும். 6-ஆம் எண் ரவையோ இருநூறு மீட்டர் சுமாரிலேயே வேகம் இழந்து மண்ணில் விழுந்துவிடும். வீட்டுக்குள் நடப்பது எவ்வளவு தூரத்தில்? நடையிலிருந்து அடுப்படி வரை நான்கு எட்டு, ஐந்து எட்டு! அவ்வளவு கிட்டத்தில் ரவை விரியவே நேரமில்லை; ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் திரளாகவே போய்த் தாக்கும். அங்கே சிறு ரவையும் உயிரைக் குடிக்கும். "சிறு ரவை ஆளை நிறுத்தாது" என்பது தொலைவுக்குப் பொருந்தும் பேச்சு; வீட்டுக்குப் பொருந்தாது.

குறி தவறினால் என்ன ஆகும் என்பதைத்தான் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் ஊர் வீடுகள் எப்படி இருக்கின்றன? ஒரு சுவருக்கு இரு வீடு. தகரக் கதவு, கீற்றுத் தட்டி, ஓலைக் கூரை. எல்.ஜி. ரவை தகரத்தைத் துளைத்து, தட்டியைத் துளைத்து, அடுத்த வீட்டுத் தொட்டில் வரை போகும். சிறு ரவையும் தட்டியைத் துளைக்கும். ஆனால் அதன் வேகம் விரைவிலே தளரும். .315 ரைஃபிளின் குண்டோ ஒரு கல் தொலைவுக்கு அப்பாலும் கொல்லும். தெரு வீட்டுக் காவலுக்கு ரைஃபிள் வைப்பது, எலியை விரட்ட வீட்டைக் கொளுத்துவது போல.

ஆகவே நமது தீர்ப்பு இது: வீட்டுக் காவல் என்றால் 12 போரில் சிறு ரவை, எல்.ஜி., எஸ்.ஜி. வேண்டாம், ரைஃபிள் வேண்டவே வேண்டாம். சிறு ரவையானாலும், சுடும் திசையிலே என்ன இருக்கிறது, அதற்குப் பின்னாலே யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் விசையைத் தொடக் கூடாது. இருட்டிலே கேட்ட காலடிச் சத்தம் இரண்டாம் ஷிப்டு முடிந்து வரும் மகனுடையதாக இருக்கலாம். முதலில் விளக்கு, பிறகு குரல், மற்றதெல்லாம் அதன் பின்னர்தான்.

இன்னும் நான்கு எச்சரிக்கை. ஒன்று: பாட்டன் காலத்து இங்கிலீசுத் துப்பாக்கிகளில் பலவற்றின் தோட்டா அறை 65 மில்லிமீட்டர், இன்றைய தோட்டாக்களில் பல 70 மில்லிமீட்டர். நீளத் தோட்டா குட்டை அறையில் போகத்தான் செய்யும். வெடிக்கும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். குழலிலே பொறித்த அளவைப் பார்க்க வேண்டும். புரியாவிட்டால் லைசென்சு பெற்ற துப்பாக்கிக் கடைக்காரரிடம் காட்ட வேண்டும். இரண்டு: 20 போர் தோட்டா ஒன்று கலந்து 12 போர் குழலில் விழுந்தால், வழுக்கிப் போய் நடுவில் சிக்கிக்கொள்ளும். காலியென்று எண்ணி மேலே இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழல் பிளக்கும். இரண்டு வகையையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். மூன்று: மழைக்கால ஈரத்திலே காகிதத் தோட்டா ஊதிப் போகும், பித்தளை பச்சை பிடிக்கும். அவற்றை வீட்டிலே பிரித்து மருந்தைக் கொட்டிப் பார்க்க வேண்டாம். கடையிலோ போலீசு நிலையத்திலோ கேட்டு ஒப்படையுங்கள். நான்கு: விசையை இழுத்தும் வெடிக்கவில்லையென்றால் உடனே திறக்காதீர்கள். குழலை ஆளில்லாத பக்கம் நீட்டியபடி அரை நிமிடமாவது பொறுத்திருங்கள். தாமதித்து வெடிக்கும் தோட்டாவும் உண்டு.

பட்டாசு மருந்து தோட்டா மருந்தல்ல

இப்போது இரண்டாமவர் வாதத்துக்கு வருவோம். இதுதான் நமது வட்டாரத்துக்கே உரிய ஆபத்து.

மருந்து என்று ஒரே பெயர் இருப்பதால் எல்லாம் ஒன்றென்று எண்ணிவிடுகிறார்கள். நீலகிரியிலே அரவங்காடு என்ற ஊரில், 1903-இல் தொடங்கிய கார்டைட் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே உழைக்கும் தமிழ்த் தொழிலாளர் செய்வது உந்துமருந்து. அது எரிவதற்குக் கணக்கு உண்டு. மணியின் அளவு, வடிவு, பூச்சு எல்லாம் பார்த்துச் செய்கிறார்கள். விசை இழுத்ததும் அது படிப்படியாக எரிந்து, வாயுவை வளர்த்து, குண்டைத் தள்ளிக்கொண்டு போகிறது. வண்டியைத் தள்ளுகிற தோள் போன்றது அது.

சிவகாசியிலே சத்த வெடிக்குப் போடும் அலுமினியப் பவுடர் கலந்த மருந்தின் வேலை வேறு. அது தள்ளுவதற்குச் செய்யப்பட்டதல்ல; கிழிப்பதற்குச் செய்யப்பட்டது. இமைப்பொழுதில் முழுவதும் எரிந்து, சுற்றியிருக்கும் காகிதக் கூட்டைச் சிதறடிப்பதே அதன் தொழில். அதை நாட்டுத் துப்பாக்கியின் குழலில் கெட்டித்தால், காகிதக் கூட்டுக்கு நேர்ந்த கதியே இரும்புக் குழலுக்கும் நேரும். குழல் பிளப்பது முன்முனையிலே அல்ல. முகத்துக்கும் கைக்கும் அருகிலே! கம்பி கொண்டு இடித்துக் கெட்டிக்கும்போதே உராய்விலும் அது பற்றும். இதைப் பட்டாசுத் தொழிலாளிக்கு நாம் சொல்லித் தர வேண்டுமா? உராய்வு என்ன செய்யும் என்பதை அவன் கண்ணால் கண்டவன். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசிக்குப் பக்கத்து முதலிப்பட்டியிலே சுமார் 40 உயிர்களைத் தின்ற நெருப்பை இந்த மாவட்டம் மறக்குமா?

அரவங்காட்டு மருந்தே கிடைத்தாலும், அதைப் பழைய நாட்டுத் துப்பாக்கியில் போடக் கூடாது. கருமருந்துக்காக அடித்த குழல், அந்த அழுத்தத்தைத் தாங்காது. ஒவ்வொரு குழலுக்கும் ஒரு மருந்து. ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் அளவு. வீட்டில் உட்கார்ந்து கண்ணளவில் கெட்டிப்பது காவல் அல்ல, தற்கொலை.

பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காயும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. பழத்துக்குள் வெடியை மறைத்து வரப்பிலே வைத்தால், வாயை வைப்பது பன்றிதான் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? மேய்ச்சல் மாடு வைக்கும்; நாய் கவ்விக்கொண்டு வீட்டுக்கு வரும்; பொறுக்க வந்த சிறுவன் எடுப்பான். 2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலே, வெடி வைத்த காயைக் கடித்து வாய் சிதறிய கருவுற்ற யானை ஒன்று ஆற்று நீரில் நின்றபடியே உயிர்விட்டதை உலகம் பார்த்துக் கலங்கியது. பன்றித் தொல்லை உண்மை. உழவன் கண்ணீர் உண்மை. ஆனால் பரிகாரம் அவுட்டுக்காய் அல்ல. காப்புக்காட்டிலிருந்து தள்ளியுள்ள நிலங்களில் புகும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று தமிழக அரசு 2025 சனவரியில் வழி செய்தது. அந்த உத்தரவு வயல் வரப்பு வரை வந்து சேரும்படி கேட்பதும், சேதத்துக்கு இழப்பீடு கேட்பதும்தான் உழவர் சங்கத்தின் வேலை.

சட்டம் சொல்வது

தோழர்கள் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். லைசென்சு இன்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பின் இரண்டு ஆண்டுக்குக் குறையாத சிறை, ஐந்து ஆண்டு வரை. லைசென்சு இன்றிச் செய்தால் ஏழு ஆண்டுக்குக் குறையாது. ஆயுள் வரை போகும். வெடிகுண்டும் சட்டத்தின் கண்ணில் வெடிபொருளே. 'தற்காப்புக்காக நாட்டு வெடி வைத்திருந்தேன்' என்ற வாதம் எங்கும் செல்லாது. கல்யாணத்திலும் திருவிழாவிலும் வானத்தை நோக்கிச் சுடும் பகட்டுக்கும் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். மேலே போன ரவை கீழே வராமல் எங்கே போகும்? லைசென்சு உள்ளவருக்கும் வரம்பு உண்டு. எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஆண்டுக்கு எத்தனை வாங்கலாம் என்பது லைசென்சிலேயே எழுதப்பட்டிருக்கும்.

தற்காப்பு உரிமைக்கும் அளவு உண்டு. 2024 சூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் இதைச் சொல்கின்றன. கொள்ளை, இரவில் வீட்டை உடைத்து நுழைதல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தல் போன்ற நிலைகளில் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் உரிமை விரியும். ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்ய உரிமை இல்லை. அதிகாரிகளின் உதவியை நாட நேரம் இருந்தால் உரிமை இல்லை. ஓடுகிறவன் முதுகிலே சுடுவது தற்காப்பு அல்ல. தேங்காய் திருடிய சிறுவனைச் சுடுவது எந்தச் சட்டத்திலும் வீரமல்ல. எந்த நியாயத்திலும் மனிதத்தனமல்ல.

துப்பாக்கி இல்லாதவன் காவல்

இப்போது, பின்னால் சொல்வதாகச் சொன்னதற்கு வருகிறோம். ஆளுக்கொரு துப்பாக்கி கேட்காதது ஏன்?

1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, அன்றைய கிழக்குத் தஞ்சையின் கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்ட தொழிலாளரின் சேரி. துப்பாக்கி யார் கையிலே இருந்தது? நிலத்துக்குச் சொந்தக்காரர் பக்கத்திலே! ஓடி ஒளிந்த பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேர் ஒரே குடிசைக்குள் வெந்து மாண்டனர். ஊரிலே துப்பாக்கி பெருகினால் முதலில் பெருகுவது யாரிடம்? பணம் உள்ளவனிடம். அது முதலில் திரும்புவது யார் பக்கம்? இல்லாதவன் பக்கம். இந்தப் பாடத்தை உயிர் கொடுத்துக் கற்றுக்கொண்டது தமிழ்நாட்டு உழைப்பாளி வர்க்கம்.

"அப்படியானால் கூலிக்காரன் வீட்டுக்குக் காவல் எது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தெருவிலே எரியும் விளக்கு, கூப்பிட்ட குரலுக்கு எழுந்து வரும் அண்டை வீட்டான், இரவு ரோந்து வரும் போலீசு, சாதி பார்க்காமல் ஒன்றாய் நிற்கும் சங்கம்: இவையே அவன் தோட்டா. இவை குறி தவறி அடுத்த வீட்டுக் குழந்தையைக் கொல்வதில்லை. இவற்றைக் கேட்டுப் பெறுவதற்கும் கட்டி எழுப்புவதற்கும் லைசென்சு தேவையில்லை.

சர்க்காரிடம் நாம் கேட்பது மூன்று. 2016 ஆயுத விதிகள், லைசென்சு கேட்போருக்குப் பாதுகாப்புப் பயிற்சி வேண்டும் என்கின்றன. அந்தப் பயிற்சி ஏட்டோடு நில்லாமல் நமது மாவட்டத்திலேயே, உழவனுக்கு எட்டும் இடத்தில், உண்மையாக நடக்கட்டும். இரண்டாவது, லைசென்சு இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளைத் தாமாகவே முன்வந்து ஒப்படைப்போர் மீது வழக்குப் போட்டு வதைக்காமல், தவணை குறித்துப் பெற்றுக்கொள்ள வழி செய்யட்டும்; பயந்தவன் புதைத்து வைப்பான், நம்பியவன்தான் கொண்டுவருவான். மூன்றாவது, தனி வீடுகள் உள்ள பாதைகளில் விளக்கும் ரோந்தும் வரட்டும்.

தொழிலாளத் தோழர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. ஆலையிலிருந்து ஒரு சிட்டிகை மருந்தும் மடியிலே வீட்டுக்கு வரக் கூடாது. உறவினன் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கட்சிக்காரன் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அது கெட்டிக்கப்படும் குழல் எந்த வீட்டிலே பிளக்கும் என்று உங்களால் சொல்ல முடியாது. வெடிக்கும் வீட்டிலே இருக்கப்போவதும் உங்களைப் போன்ற ஓர் உழைப்பாளியின் பிள்ளையே!